இடது பக்க மட்கார்டு

அத்தியாயம் 17

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, காட்டூர் வீட்டின் பக்கவாட்டுக் கொட்டகையில் இருந்தவர்கள் மூன்று பேர். அருள்நாதன் ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, காரின் மூக்குக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். மகள் டோரதி வலது பக்கக் கதவைத் திறந்து வைத்து, டிரைவர் ஸீட்டில் பக்கவாட்டாக, கால் இரண்டையும் வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். மனைவி பாக்கியமேரி இடது பக்க முன்சக்கரத்தின் அருகே, பாத்திரம் தேய்க்கும்போது போட்டுக்கொள்கிற மணையில் உட்கார்ந்திருந்தாள்.

மூவருக்கும் நடுவில் டாக்டர் பாக்கியநாதனின் கறுப்பு மாரிஸ் கார் நின்றது.

இந்த இட ஏற்பாடு அருள்நாதன் செய்தது. அவர் திருச்சி ஜங்ஷனில் ரயில் தபால் பிரிக்கும் ஆர்.எம்.எஸ். ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாகத் தபால் பிரிக்கிறவர். எந்த வேலையானாலும் அறை அறையாகப் பிரித்தால்தான் அவருக்குக் கை ஓடும். பானெட்டும் கூரையும் தனக்கு. கதவுகளும் டிக்கியும் டோரதிக்கு. நான்கு மட்கார்டும் மனைவிக்கு.

"மட்கார்டுதான் சேறு அடிக்கிற இடம். அதுக்கு உன் கைதான் சரி, மேரி. வெங்கலப் பானையையே ஒரு சுத்து இளைக்க வச்ச கை."

"பாராட்டா, குத்தலா, சொல்லிட்டுத் தேய்க்கச் சொல்லுங்க" என்றாள் பாக்கியமேரி.

டோரதி சிரித்தாள். அந்த வீட்டில் அன்றைக்கு அதுதான் கடைசிச் சிரிப்பு என்று மூவரில் ஒருவருக்கும் தெரியாது.

டாக்டர் பாக்கியநாதன் அருள்நாதனின் ஒரே அண்ணன். தஞ்சாவூரில் பெயரெடுத்த டாக்டர். மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. வயிற்றில் கட்டி என்று மதராஸில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். வருகிற செவ்வாய்க்கிழமை, டிசம்பர் ஐந்தாம் தேதி காலை ஆபரேஷன் என்று போன வாரம்தான் கார்டு வந்தது. மதராஸ் போவதற்கு முன்னால் காரை ஒரு டிரைவரிடம் கொடுத்துக் காட்டூருக்கு அனுப்பியிருந்தார். கூடவே ஒரு கடிதம்.

'தை மாதம் டோரதி கல்யாணத்துக்கு இந்தக் காரில்தான் கோயிலுக்குப் போக வேண்டும். கார் இனி அவளுடையது. பாலிஷ், பெயிண்ட் என்று எதுவும் செய்யாதே. தண்ணீர் விட்டுத் துடைத்தால் போதும். பத்து வருஷத்தில் இந்தக் கார் ஒரு பட்டறை வாசலை மிதித்ததில்லை.'

அண்ணன் அடக்கத்தினால் அப்படி எழுதுகிறார் என்று அருள்நாதன் நினைத்துக்கொண்டார். கத்தி வைப்பதற்கு முன்னால் அவர் ஒரு நல்ல சேதி படிக்கட்டும், 'உங்கள் கார் கண்ணாடிபோல மின்னுகிறது' என்று இந்தச் சனிக்கிழமைக் கடிதத்தில் எழுதிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. பட்டறையில் பாலிஷ் போடக் கேட்ட தொகை கட்டுப்படியாகவில்லை. பத்திரிகையில் விளம்பரம் பார்த்து, பம்பாயிலிருந்து வி.பி.பி.யில் ஒரு பெட்டி தருவித்து, தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கினார். 'மயூரா கார் அழகுப் பெட்டி.'

பெட்டியைப் பிரித்தார். இரண்டு தகர டப்பா, கைக்குட்டை அளவு மஞ்சள் பிளானல் துணி ஒன்று, இங்கிலீஷில் அச்சடித்த ஒரு தாள்.

"அப்பா, இது காருக்கா, சைக்கிளுக்கா?" டோரதி டப்பாவைக் கையில் எடுத்து எடை பார்த்தாள். அடியில் தகரத்தை உள்ளே குழித்து வைத்திருந்தார்கள். வெளியே நான்கு விரல் உயரம், உள்ளே இரண்டு விரல் மெழுகு. அதுவும் வெயிலில் காய்ந்த வடகம்போல வெடித்திருந்தது.

"எவ்வளவு இருக்குங்கறது முக்கியமில்ல. முறையாப் போடணும்" என்றார் அருள்நாதன். முந்தின நாளே இங்கிலீஷ் தாளைத் தமிழில் பெயர்த்து, எட்டு நம்பர் போட்டு எழுதி வைத்திருந்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படித்தார்.

"ஒண்ணு, வண்டியக் கழுவிக் காய வைக்கவும். ஆயாச்சு. ரெண்டு, நிழலில் நிறுத்தவும். ஆயாச்சு. மூணு, முதல் டப்பாவிலுள்ள பசையை ஈரத் துணியில் தொட்டு வட்டமாகத் தேய்க்கவும். நாலு, துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை தேய்க்கவும். அஞ்சு..."

"அஞ்சு அப்புறம் படிக்கலாம். மழை வர்றதுக்குள்ள நாலை முடிப்போம்" என்றாள் பாக்கியமேரி.

பிளானல் துணி அவருக்கே போதவில்லை. பழைய வேட்டியை மூன்றாகக் கிழித்துக்கொண்டார்கள். பசை நறநறவென்று செங்கல் தூள் கலந்த மாதிரி இருந்தது. மண்ணெண்ணெய் வாடை.

கால் மணியில் மூன்று துணியும் கறுத்துவிட்டன.

"பாத்தியா, எவ்வளவு அழுக்கு! தண்ணி விட்டுத் துடைச்சாப் போதும்னார் அண்ணன்" என்று அருள்நாதன் திருப்தியோடு துணியை உதறினார்.

பாக்கியமேரி பின் மட்கார்டு இரண்டையும் முதலில் முடித்தாள். பிறகு வலது முன் மட்கார்டு. முதலில் கறுப்பு வந்தது. தேய்க்கத் தேய்க்கக் குறைந்தது. நின்றது. தகரத்தில் அவள் முகம் தெரிந்தது.

இடது முன் மட்கார்டுக்கு வந்தபோது மணி பத்தரை.

இந்தக் காரின் அருகே உட்காரும்போதெல்லாம் அவளுக்குத் தனிஸ்லாஸ் நினைவுதான். அவள் மகன். இருந்திருந்தால் பதினேழு வயது. ஒவ்வொரு வருஷமும் நவம்பர் பதிமூன்று அவனுடைய நாமத் திருநாள், அவன் பெயர் கொண்ட புனிதரின் நாள். முந்தின நாள் சாயங்காலம் பெரியப்பா கேக்கும் பட்டாசுமாகத் தஞ்சாவூரிலிருந்து காரில் வருவார். இவன் திருவெறும்பூர் வரைக்கும் சைக்கிளில் போய்க் காத்திருப்பான். கார் தெரிந்ததும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, காரின் இடது பக்கமாகப் போட்டி போட்டு ஓட்டி வருவான். பெரியப்பா வேண்டுமென்றே மெதுவாக ஓட்டித் தோற்றுப்போவார்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் நவம்பர் பன்னிரண்டாம் தேதி, தூறல் போட்டுக்கொண்டிருந்த சாயங்காலம், "பெரியப்பா கார் வருதான்னு பாத்துட்டு வரேம்மா" என்று போனவன் திரும்பி வரவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போன வீரமலை என்ற மாட்டு வண்டிக்காரர் ரோட்டோரத்தில் அவனைப் பார்த்தபோது உயிர் இல்லை. அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு கறுப்புக் கார் தன்னைத் தாண்டித் தஞ்சாவூர்ப் பக்கமாக வேகமாகப் போனதென்று அவர் போலீசில் சொன்னார். திருச்சியிலிருந்து போன காரைத் தேடினார்கள். கிடைக்கவில்லை.

பெரியப்பா மறுநாள் ரயிலில் வந்தார். முந்தின நாள் கார் பேட்டரி செத்துவிட்டது, அதனால்தான் கிளம்ப முடியவில்லை என்று அழுதார். அதன் பிறகு அவர் காட்டூர் வீட்டுக்கு வந்தது மூன்றோ நான்கோ தடவைதான். அத்தனையும் ரயிலில்தான்.

பாக்கியமேரி துணியைப் பார்த்தாள். கறுப்பு. மறுபடி பசை தொட்டுத் தேய்த்தாள். கறுப்பு. துணியின் வேறு மூலையை மடித்துத் தேய்த்தாள். அதுவும் கறுத்தது.

"ஏங்க, இந்தப் பக்கம் மட்டும் நிக்கவே இல்லீங்க."

"நாலாம் நம்பர் என்ன சொல்லுது? நிக்கிறவரைக்கும் தேய். அது சாலையோரச் சேறு அடிக்கிற பக்கம். நிறைய இருக்கும்."

அவள் முழங்கையை ஊன்றித் தேய்த்தாள். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. அடிப்பிடித்த பானையை எப்படி விடமாட்டாளோ அப்படி. மற்ற இருவரும் தங்கள் பங்கை முடித்துக் கை கழுவப் போய்விட்டார்கள். அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு துணியில் கறுப்புக்குப் பதில் சிவப்பு வந்தது.

விரலில் ரத்தமோ என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கையில் ஒன்றுமில்லை. மட்கார்டின் முன் வளைவில், விளக்குக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குச் செங்காவி நிறம் தெரிந்தது. அதன் நடுவே ஓரிடத்தில் சுண்ணாம்பு மாதிரி வெளுப்பு.

"ஏங்க!"

அருள்நாதன் ஓடி வந்து பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டு கவிழ்த்த டின்னின் மேல் உட்கார்ந்தார்.

"என்ன செஞ்சே மேரி? அண்ணன் பத்து வருஷம் ஒரு கீறல் இல்லாம வச்சிருந்த காரு. பெயிண்டையே உரிச்சிட்டியே!"

"நீங்கதானே நிக்கிறவரைக்கும் தேய்க்கச் சொன்னீங்க? அழுக்குன்னுதானே நெனச்சேன்."

"நிக்கலேன்னா நிறுத்த வேணாமா? கண்ணு எங்க போச்சு?"

"அப்பா, அம்மாவத் திட்டாதீங்க" என்றாள் டோரதி. "வேற எங்கேயும் இப்படி ஆகலியே. இங்க மட்டும் ஏன் வருது?"

அந்தக் கேள்வியை யாரும் காதில் வாங்கவில்லை. அருள்நாதன் அவசரமாக இரண்டாவது டப்பாவிலிருந்து மெழுகைக் கட்டைவிரலால் வழித்து அந்த இடத்தில் அப்பினார். காவியும் வெளுப்பும் மெழுகும் சேர்ந்து ஆறாத புண்போல ஆயிற்று.

"நல்ல சேதி எழுதணும்னு இருந்தேன். சாகப் பிழைக்கக் கெடக்கிற மனுஷனுக்கு எத எழுதுவேன்?"

டோரதி செருப்பை மாட்டிக்கொண்டு, ரோட்டில் இரண்டு பர்லாங் தள்ளி இருக்கிற பெயிண்ட் கொட்டகைக்கு ஓடினாள். பதினோரு மணிக்குப் பரக்கத் அலியோடு திரும்பி வந்தாள்.

பரக்கத் அலி காரைக்கால் பக்கத்துக்காரர். காட்டூரில் கொட்டகை போட்டு ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பாலிஷ் டப்பாவை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஸார், இது பாலிஷ் இல்ல. அம்மி கொத்துறதுக்கு வச்சுக்கலாம். போன மாசம் ஸ்ரீரங்கத்துல ஒரு வக்கீல் வீட்டுல புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சிருந்தாங்க. நீங்க எவ்வளவோ தேவல."

"காரு கெட்டுப் போச்சா பாய்?"

"காரு கெடல ஸார். பாருங்க, பானெட்டு எப்படி நிக்குது! இது கம்பெனி பெயிண்டு. சூளையில வாட்டினது. இந்தச் செங்கல் தூளுக்கெல்லாம் அசையாது." இடது மட்கார்டின் முன்னால் குந்தி, முஷ்டியால் தட்டினார். வலது மட்கார்டைத் தட்டியபோது தகரம் கணீரென்றது. இது பொத்தென்றது. "இந்த ஒரு மட்கார்டு மட்டும் வெளியில போட்ட பெயிண்டு. எவனோ அவசரத்துல பிரஷ்ஷால பூசியிருக்கான். அதான் துணியில வந்துக்கிட்டே இருந்துச்சு. அம்மா மேல தப்பில்ல."

"இருக்காது பாய். இந்தக் காரு பட்டறைக்கே போனதில்ல."

"ஸார், நான் பன்னெண்டு வயசுலேந்து இந்தத் தொழில்ல இருக்கேன். இதோ வெள்ளையாத் தெரியுதே, இது பட்டி. பள்ளத்த ரொப்புறதுக்கு அப்புறது." கையை விரித்து வைத்துக் காட்டினார். "இம்மாம் பெரிய பள்ளம். தட்டி நிமித்தி, நிமிராத இடத்துல பட்டி போட்டு, மேல காவி அடிச்சு, கறுப்பு பூசியிருக்கான். பட்டி காஞ்சு வெடிச்சிருக்கிறதப் பாத்தா நாலு வருஷம் இருக்கும்."

பாக்கியமேரியின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. பரக்கத் அலிக்கு அது தெரியவில்லை. அவருக்குத் தன் தொழில்.

"மரத்துலயோ கல்லுலயோ மோதியிருந்தா மடிப்பு கூரா விழுந்திருக்கும். இது குழிவா அமுங்கியிருக்கு. கன்னுக்குட்டி கின்னுக்குட்டி குறுக்க வந்து விழுந்திருக்கும் ஸார். பாவம்."

பாக்கியமேரி மணையை விட்டு எழுந்தாள். எழுந்தவள் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி மணையிலேயே உட்கார்ந்தாள்.

"திங்கக்கிழமை வண்டிய அனுப்புங்க. முன்ன செஞ்சவன் கையால பூசினான், அதான் வெளிய தெரிஞ்சு போச்சு. நான் பெயிண்டு பீச்சுற துப்பாக்கி வச்சு அடிச்சா சாமிக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டுப் பரக்கத் அலி போனார். போகும்போது டோரதியிடம், "அம்மாவுக்கு ஒரு சோடா வாங்கிக் குடும்மா, மயக்கமா இருக்காங்க" என்றார்.

தகரக் கூரையில் மழை விழ ஆரம்பித்தது.

"பன்னெண்டாந்தேதி பேட்டரி செத்துப் போச்சுன்னாரே" என்றாள் பாக்கியமேரி, காரைப் பார்த்தபடியே.

"மேரி, எதையும் எதோடயும் முடிச்சுப் போடாத. தஞ்சாவூர்ல எத்தனையோ மாடு கன்னு இருக்கு."

"அப்ப ஏன் பட்டறை வாசல மிதிச்சதில்லன்னு எழுதணும்?"

"மறந்திருப்பார்."

"பாலிஷ் போடாதேன்னு ஏன் எழுதணும்?"

"மேரி!"

"வண்டிக்காரர் தஞ்சாவூர்ப் பக்கமா போச்சுன்னு சொன்னாருங்க. திருச்சியிலேந்து போன காரத் தேடுனாங்க. வந்த காரு திரும்பிப் போயிருக்கும்னு யாருக்கும் தோணலியே. எம்புள்ள இடது பக்கமாத்தானே ஓட்டுவான்? எப்பவும் இடது பக்கந்தானே?"

அருள்நாதன் எட்டு நம்பர் எழுதிய தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்துக்கொண்டிருந்தார். டோரதி கதவோரம் நின்று காரின் நிக்கல் கைப்பிடியை வெறித்தாள். அது வெள்ளிபோல மின்னியது. அவள் தேய்த்தது.

"நான் இந்தக் காருல ஏற மாட்டேன்" என்றாள்.

அன்று அடுப்பில் வைத்த சோறு அப்படியே இருந்தது. இரண்டு மணி சுமாருக்கு அருள்நாதன் சமையலறை வாசலில் வந்து நின்றார். பாக்கியமேரி கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் ஏறின காவி போகவில்லை.

"மேரி, ஒண்ணு சொல்றேன். சொல்லாம இருந்தா எனக்கே ஆகாது."

அவள் திரும்பவில்லை.

"அன்னிக்கு நம்ம தனிஸ் அடக்கப் பூசையில அண்ணன் நன்மை வாங்கல. சாமியார் அப்பம் குடுக்கறப்ப எல்லாரும் எந்திரிச்சுப் போனோம். அவர் மட்டும் பெஞ்சுலயே உக்காந்திருந்தார். கேட்டேன். வெறும் வயித்துலதான் வாங்கணும், ரயில்ல காப்பி குடிச்சிட்டேன்னார்." அவர் குரல் ஒரு படி இறங்கியது. "அடுத்த கிறிஸ்மஸுக்கு நான் தஞ்சாவூர் போயிருந்தேனே, அப்பவும் வாங்கல. வயிறு சரியில்லன்னார். போன ஈஸ்டருக்கும் வாங்கல. எங்கம்மா உசுரோட இருந்தப்ப ஒரு ஞாயித்துக்கிழமை கூட நன்மை வாங்காம இருந்தவர் இல்ல. பெரிய பாவத்த சாமியார்கிட்ட சொல்லாம நன்மை வாங்கக் கூடாது; நாலு வருஷமா அவர் பாவசங்கீர்த்தனம் பண்ணலேன்னு எனக்குத் தெரியும். ஏன்னு நான் கேக்கல."

"கேட்டிருக்கணும்."

"ஆமா. கேட்டிருக்கணும்."

தண்ணீர் அவள் கையிலிருந்து வழிந்துகொண்டே இருந்தது. அவர் கையை எட்டிக் குழாயை மூடினார். அவள் அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். சத்தம் போட்டு அழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, வலி வந்தவள்போல அழுதாள்.

"அவர் டாக்டருங்க. வண்டிக்காரர் பாக்கறதுக்குள்ள ஒரு மணி நேரம் ஆயிருக்கும்னு சொன்னாங்களே. ஒரு மணி நேரம் மழையில கெடந்தானே. டாக்டருங்க அவர்!"

இடித்தது யார் என்பது கூட அவளுக்கு இப்போது இரண்டாம் பட்சம். இறங்கிப் பார்த்தாரா? பார்த்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்து போனாரா? அல்லது இறங்கவே இல்லையா? அவன் கண் திறந்திருந்ததா? இதைச் சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவரைச் செவ்வாய்க்கிழமை காலையில் ஆபரேஷன் மேஜையில் படுக்க வைக்கப் போகிறார்கள்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு அண்ணனுக்குக் கடிதம் எழுதுவது அந்த வீட்டில் பதினைந்து வருஷ வழக்கம். அருள்நாதன் எழுதி, உரக்கப் படிப்பார். கீழே டோரதி இரண்டு வரி, பாக்கியமேரி இரண்டு வரி. அன்றும் அவர் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். மூன்று தடவை எழுதி மூன்று தடவை அடித்தார். கடைசியில் எழுதியது இதுதான்: 'நாங்கள் சுகம். ஆபரேஷனுக்காக வேண்டிக்கொள்கிறோம்.'

"எனக்கு ஒரு தாள் குடுங்க" என்றாள் பாக்கியமேரி.

"வேணாம் மேரி. இப்ப வேணாம். அவர் எந்திரிச்சு வரட்டும். நானே நேரா போய்க் கேக்குறேன்."

"வரலேன்னா?"

"அந்தக் கேள்விய வச்சுக்கிட்டு அவர் படுத்தார்னா உசுரு தங்காது. கொன்ன பாவம் நமக்கு வேணாம்."

"நாலு வருஷமா அந்தக் கேள்வியோடதாங்க அவர் படுத்திருக்கார்" என்றாள் அவள். "புதுசா நான் ஒண்ணும் குடுக்கப் போறதில்ல."

டோரதி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வந்து அம்மாவின் முன்னால் வைத்தாள். மசிப்புட்டியின் மூடியைத் திருகித் திறந்தாள்.

மகன் போன பிறகு, பாக்கியமேரி தன் இரண்டு வரியை 'டோரதி பெரியப்பாவுக்கு' என்றுதான் தொடங்குவாள். அதற்கு முன்னால் வேறு மாதிரி எழுதியவள். இன்றைக்குக் கை தானாகப் பழையபடி எழுதியது.

'சேசு மரி சூசை துணை.

தனிஸ் பெரியப்பாவுக்குப் பாக்கியமேரி எழுதிக்கொண்டது.

காரின் இடது பக்க முன் மட்கார்டை நான்தான் தேய்த்தேன். உள்ளே இருந்ததை வீட்டில் மூன்று பேரும் பார்த்தோம்.

நீங்கள் டாக்டர். அன்றைக்குக் காரை விட்டு இறங்கி அவன் நாடியைப் பிடித்துப் பார்த்தீர்களா, இல்லையா? இது ஒன்றுக்குத்தான் எனக்குப் பதில் வேண்டும். செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் தந்தியில் வேண்டும். வேறு எதையும் உங்களிடம் கேட்க மாட்டேன்.'

அந்தக் கடிதம் உரக்கப் படிக்கப்படவில்லை. அருள்நாதன் அதை வாங்கி, ஒரு தடவை கண்ணால் ஓட்டினார். தான் எழுதிய தாளை அதனோடு சேர்க்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவளுடைய தாளை மட்டும் கவருக்குள் வைத்து, நாக்கால் பசையை நனைத்து, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். விலாசத்தைத் தானே எழுதினார். எந்த ஆபீஸிலும் எவரும் தப்பாகப் படிக்க முடியாத, முத்து முத்தான பிரிப்பாளர் எழுத்து. வார்டு நம்பரை அடிக்கோடிட்டார்.

"இன்னிக்கு மெயில்ல போனா, திங்கக்கிழமை காலையில பத்து மணிக்குள்ள அண்ணன் கையில இருக்கும்" என்றார். பிறகு, "வா" என்றார்.

இருவரும் டவுன் பஸ் பிடித்து ஜங்ஷனுக்குப் போனார்கள். ஆர்.எம்.எஸ். ஆபீஸில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். ஜன்னலில் முகம்மது கனி இருந்தார். அருள்நாதனோடு பதினெட்டு வருஷம் பக்கத்து ஸ்டூல்.

"என்ன அருளு, லீவு நாள்லயும் ஆபீஸ விட்டு இருக்க முடியலியா? தங்கச்சியையும் வேலைக்குச் சேத்துட்டியா?"

அருள்நாதன் கவரையும், நேரம் தாண்டிச் சேர்க்கிற கடிதத்துக்கு ஒட்டும் லேட் பீ ஸ்டாம்பையும் நீட்டினார்.

முகம்மது கனி விலாசத்தைப் படித்தார். முகத்திலிருந்த கிண்டல் போயிற்று. "ஆமா, செவ்வாய்க்கிழமைல்ல? நேத்து ஜும்மாவுல டாக்டருக்காக துஆ செஞ்சேன். எழுதியிருக்கியா அத?"

"எழுதலீங்கண்ணே" என்றாள் பாக்கியமேரி.

"பரவால்லம்மா. அல்லா நல்லபடியா வப்பான்." முத்திரையை எடுத்துத் தபால்தலையின் மேல் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். கவரைப் பின்னாலிருந்த மர அடுக்கில் மதராஸ் அறைக்குள் எறிந்தார். அது மற்ற கடிதங்களின் மேல் விழுந்து நழுவி, ஓரமாகச் சாய்ந்து நின்றது.

அருள்நாதன் கண்ணை அந்த அறையிலிருந்து எடுக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவர் கை போய் வந்த அறை. ஆபீஸுக்குள்ளே போக அவரை யாரும் தடுக்க மாட்டார்கள்.

"இனிமே அத எடுக்க முடியுமா?" என்று மெதுவாகக் கேட்டாள் பாக்கியமேரி.

"பை கட்டுறவரைக்கும் முடியும்."

"எப்பக் கட்டுவாங்க?"

"இன்னும் இருபது நிமிஷம்."

ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையில் ஒரு தூண் இருந்தது. பாக்கியமேரி அதில் சாய்ந்து நின்றுகொண்டாள். கணவருக்கும் கதவுக்கும் நடுவே அவள் நின்ற அந்த இடத்தை அருள்நாதன் பார்த்தார். அவரும் அசையவில்லை.

உள்ளே கடிதங்களைக் கட்டுக் கட்டாக எடுத்தார்கள். மதராஸ் அறை காலியாயிற்று. கான்வாஸ் பையின் வாயைச் சணல் கயிற்றால் சுற்றி இறுக்கினார்கள். முகம்மது கனி அரக்குக் குச்சியை விளக்கில் காட்டி உருக்கினார். சிவப்பாகச் சொட்டியது. முடிச்சின் மேல் பித்தளை முத்திரையை வைத்து அழுத்தினார்.

அரக்கு ஆறும்வரை பாக்கியமேரி நின்றாள். தள்ளுவண்டி பிளாட்பாரத்தின் பக்கம் திரும்பி மறைந்த பிறகுதான் தூணை விட்டு நகர்ந்தாள்.